பதினான்கு ‘வேண்டாம்’

தள்ளி உட்காராதீர்கள் கண்ணுகளா, இப்படிக் கிட்டத்தில் வாருங்கள். கையில் வேலை இருந்தால் அது பாட்டுக்கு நடக்கட்டும், எனக்கு உங்கள் காது போதும். இன்றைக்கு ஒரு சினிமாவின் கதை சொல்கிறேன். சினிமாவுக்குள் இருந்த கதை பாதி, அந்தச் சினிமா பட்ட பாடு மீதி. இரண்டில் எது அதிகப் பயங்கரம் என்று கடைசியில் நீங்களே சொல்லுங்கள்.

படத்தை வெட்டி ஒட்டுகிற வேலை பார்க்கும் ஒருத்தி இருந்தாள். எல்லோரும் அவளைக் கத்திரி என்று கூப்பிடுவார்கள். அவள் கையில் கத்திரியைக் கண்டவர் கிடையாது. வெட்டெல்லாம் கம்ப்யூட்டரில்தான். இருந்தாலும் பெயர் ஒட்டிக்கொண்டது. சன்னல் இல்லாத ஒரு சின்ன அறை, இரண்டு திரை, காதில் மாட்டும் கருவி, ஆறிப்போன தேநீர், இவ்வளவுதான் அவள் உலகம். ஒரு வார்த்தை முடிந்ததும் எவ்வளவு நேரம் விட்டால் அது மனசில் தைக்கும் என்பது அவளுக்கு விரல் நுனியில் தெரியும்.

கத்திரிக்கு ஓர் அக்கா. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, “இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?” என்று லென்ஸை மாற்றி மாற்றிக் கேட்கிறவள். அந்த அக்கா மணமான ஒருவனோடு ஆறு மாதம் பழகினாள். தப்புதான். அவளே அதை மறுத்ததில்லை. ஆறாவது மாதம் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டது. “வேண்டாம், இதோட நிறுத்திக்குவோம்” என்று சொல்லிவிட்டாள்.

அவள் நிறுத்தினாள். அவன் நிறுத்தவில்லை. மூன்று வருடம் அவள் கடைக்கு எதிர்ப்பக்க நடைபாதையில் நின்றான். அக்கா மூன்று வீடு மாறினாள். மூன்று வீட்டுக்கும் அவனிடம் சாவி இருந்தது. ஒரு நாள் வீட்டுக்குள் வந்து பார்த்தால், அலமாரியில் அவள் துணியெல்லாம் நிறவாரியாக அடுக்கியிருந்தது. அவ்வளவுதான் செய்திருந்தான். ஒன்றையும் எடுத்துப் போகவில்லை. அன்றிலிருந்து அக்கா எங்கே போனாலும் கதவுக்குப் பக்கத்தில்தான் உட்காருவாள்.

காவல் நிலையத்துக்குப் போனாள். அங்கே இருந்தவர் பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டார்: “முதல்ல சரின்னு சொன்னீங்களா இல்லையா?”

“சொன்னேன்.”

“அப்புறம் என்னம்மா?”

அதோடு முடிந்தது புகார்.

கத்திரியின் நண்பர் ஒருவர், டைரக்டர், இதைக் கேட்டுவிட்டுப் படமாக எடுக்கிறேன் என்றார். படத்தில் அவனைப் பல் மருத்துவன் ஆக்கினார், அவளை நூலகத்தில் வேலை பார்க்கிறவள் ஆக்கினார். ‘மூன்றாவது சாவி’ என்று பெயர். அக்கா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள்.

“நான் அவன்கிட்ட பதினாலு தடவை வேண்டாம்னு சொல்லியிருக்கேன். எண்ணி வச்சிருக்கேன். அந்தப் பதினாலும் படத்துல கேக்கணும். நிஜத்துல யாருக்குமே கேக்கலை.”

“கேக்கும்க்கா. நான்தானே வெட்டப்போறேன்? ஒண்ணுகூடப் போகாது” என்றாள் கத்திரி.

படம் முடிந்தது. பார்த்தவர்கள் வெளியே வந்ததும் தங்கள் வீட்டுச் சாவியைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். இனி ‘மக்கள் மனநலத் திரைப்பட ஆய்வு வாரியம்’ ஒரு முத்திரை குத்தினால் தியேட்டருக்குப் போய்விடலாம். டைரக்டருக்குப் பெரியவர்களைக் கண்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் துணைக்குக் கத்திரியையும் கூட்டிக்கொண்டு போனார்.

வாரியத்தின் பார்வை அறையில் ஏழு சிவப்பு மெத்தை நாற்காலிகள். மூன்றில்தான் ஆள். ஒவ்வொரு நாற்காலியின் கைப்பிடியிலும் ஒரு மேசை மணி. படம் ஓடும்போது எது மனசை உறுத்துகிறதோ அங்கே மணியைத் தட்ட வேண்டும். தட்டிய இடம் வெட்டு. ஏன் உறுத்தியது என்பதை அப்புறம் யோசித்துக்கொள்ளலாம்.

நடுவில் தலைவர். எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் தராசுகளைச் சந்தேகப்பட்டுப் பழகிய கண். வலப்பக்கம் ஓர் அம்மையார், பள்ளிக்கூடங்களுக்கு நல்லொழுக்கப் பாடம் எழுதிக் கொடுத்தவர். இடப்பக்கம் இன்னோர் உறுப்பினர். அவர் படம் தொடங்கியதும் தூங்கிவிடுவார். தூக்கத்தில் முழங்கை சரிந்து மணியில் பட்டால் அந்த வெட்டும் செல்லும், விதி அப்படி. ‘மூன்றாவது சாவி’யில் ஒரு நாய் சாலையைக் கடக்கும் காட்சி இப்படித்தான் போயிற்று. காரணம் எழுத வேண்டிய இடத்தில் ‘உறுப்பினரின் உள்ளுணர்வு’ என்று எழுதினார்கள்.

மூலையில் ஓர் எழுத்தர் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். மெலிந்த மனிதர், முழுக்கைச் சட்டை. மணி விழுந்த இடம், நிமிடம், நொடி, நீக்கிய வசனம் என்று ஒன்று விடாமல் அடிப்பார்.

முதல் நாள். பல் மருத்துவனும் நூலகப் பெண்ணும் முதல்முறை கை பிடித்தார்கள். டிங். மழைக்கு ஒரே குடையில் போனார்கள். டிங், டிங். அவள் அவனுக்குப் புத்தகம் கொடுத்தாள். அம்மையார் மணியில் விரலை வைத்துக்கொண்டு, “என்ன புத்தகம்?” என்று கேட்டார்.

“தோட்டக்கலைங்க அம்மா” என்றார் டைரக்டர்.

“விதை பத்தியெல்லாம் வருமா?”

“வரும்னு நினைக்கிறேன்.”

டிங்.

அப்புறம் அவள் போகச் சொன்ன பிறகு, அவன் கள்ளச் சாவி செய்தான். ஒரு மணியும் இல்லை. தண்ணீர்க் குழாயில் ஏறி, சன்னல் வழியே அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். கத்திரி மூச்சைப் பிடித்துக்கொண்டு மூவரையும் பார்த்தாள். தலைவர் தலையை ஆட்டி ரசித்துக்கொண்டிருந்தார்.

விளக்கு போட்டார்கள். தலைவர் தொண்டையைச் செருமினார்.

“கள்ள உறவு இருக்கு பாருங்க, அது குடும்பத்தைக் கெடுக்கும். அதனால அந்த ஆறு மாசத்தையும் எடுத்துடுங்க.”

“சார், அதுதானே கதையோட ஆரம்பம்?” என்றாள் கத்திரி.

“ஆரம்பமே தப்பா இருந்தா எப்படிம்மா? நல்லபடியா நடுவுலேர்ந்து ஆரம்பிங்க.”

வெட்டினாள். என்ன செய்வாள் பாவம், முத்திரை அவர்கள் கையில். இப்போது படத்தில் முன்பின் தெரியாத ஒரு பல் மருத்துவன், முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் வீட்டுச் சன்னலில் தொங்கிக்கொண்டிருந்தான்.

இரண்டாம் நாள் படம் முடிந்ததும் அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“என்ன ஒரு தூய்மையான காதல்! தொடாம, பேசாம, குழாயிலே தொங்கிக்கிட்டே நேசிக்கிறான் பாருங்க. இந்தக் காலத்துல யாரு இருக்கா இப்படி?”

“ஆனா அவனுக்குப் பொண்டாட்டி இருக்காளே” என்றார் தலைவர். “காதலிக்கிறவனுக்குப் பொண்டாட்டி எதுக்கு? இடிக்குது. அந்தம்மாவைத் தங்கச்சி ஆக்கிடுங்க.”

டைரக்டர் தலையைச் சொறிந்தார். “சார், அந்தம்மா படம் பூரா அழுவாங்களே?”

“அண்ணனுக்கு இன்னும் கல்யாணம் ஆகலையேன்னு அழட்டும்.”

ஆக, டப்பிங் மாற்றினார்கள். மனைவி, “உங்களுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு, அந்தப் பொண்ணை விட்டுடுங்க” என்று கத்துகிற இடத்தில், “அண்ணே, உனக்குத்தான் எவ்வளவு பாசம், அண்ணியை விட்டுடாதே” என்று குரல் வந்தது. வாய் ஒரு பக்கம் போயிற்று, குரல் ஒரு பக்கம் போயிற்று. சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படத்தை மறைக்கக் கம்ப்யூட்டரில் ஒரு பூச்சாடி வரைந்து வைத்தாள் கத்திரி. கேமரா நகர்ந்தால் பூச்சாடியும் நகரும். அந்த வீட்டில் பூச்சாடி எல்லோருக்கும் பின்னாலேயே நடமாடியது. குழாயில் ஏறும் காட்சிக்கு மட்டும் கீழே ஓர் எச்சரிக்கை போடச் சொன்னார்கள்: ‘குழாயில் ஏறுவது குழாய்க்குக் கேடு.’

கத்திரி எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாள். பூச்சாடி நடந்தால் நடக்கட்டும். அந்தப் பதினாலும் இருக்கிறதே. சன்னல் இல்லாத அறையில் தினமும் வேலை முடிக்கும்போது அந்தப் பதினாலையும் ஒரு தடவை ஓடவிட்டுக் கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பாள்.

மூன்றாம் நாள் தலைவர் முகமெல்லாம் சிரிப்பு. “அருமையா வந்திருக்கும்மா! ஒரே ஒரு குறைதான். அந்தப் பொண்ணு சும்மா சும்மா வேண்டாம் வேண்டாம்ங்கிறா. எதை வேண்டாம்ங்கிறா?”

“அவனைத்தான் சார்.”

“அவன் யாரு அவளுக்கு?”

“ஆறு மாசம் பழகினவன் சார்.”

“எங்கே பழகினான்? நான் பார்க்கலையே?”

“நீங்கதானே சார் வெட்டச் சொன்னீங்க!”

“வெட்டினது நடக்காத மாதிரிதான். ஒரு தடவைகூட சரின்னே சொல்லாத பொண்ணு, வேண்டாம்னு எப்படிச் சொல்ல முடியும்? விதி முப்பத்தொண்ணு, காரணமில்லாத மறுப்பு. எடுத்துடுங்க.”

கத்திரிக்கு உடம்பெல்லாம் சுட்டது. காவல் நிலையத்தில் முதலில் சரி என்று சொன்னதால் அக்காவின் ‘வேண்டாம்’ செல்லவில்லை. இங்கே சரி என்று சொல்லாததால் செல்லவில்லை. அப்படியானால் ஒரு பெண் எந்த வாசலில் போய் நின்றுகொண்டுதான் அதைச் சொல்வது?

“சார், அவ வேண்டாம்னு சொல்லியும் அவன் கேக்கலைங்கிறதுதான் படமே. அதை எடுத்துட்டா அவன் செய்யறதெல்லாம் சரின்னு ஆயிடும்” என்றாள்.

“சரின்னு ஆனா நல்லதுதானேம்மா? அனைவரும் பார்க்கலாம்னு சான்றிதழ் தர்றேன், குழந்தை குட்டியோட பார்க்கட்டும். கதாநாயகன் மனசையும் கொஞ்சம் நினைச்சுப் பாரு. ரெண்டு மணி நேரம் பாடுபடுறான், பதினாலு தடவை மூஞ்சிலடிச்ச மாதிரி சொன்னா ஆம்பளைப் புள்ளை தாங்குவானா?”

அம்மையார் அவள் பக்கம் குனிந்தார். “நானும் ஒரு பொண்ணுதாம்மா. முப்பத்தஞ்சு வருஷக் குடும்ப வாழ்க்கை. ஒரு தடவை வேண்டாம்னு சொல்லியிருப்பேனா? சொல்லணும்னு தோணினதுண்டு. நெறைய தோணியிருக்கு. ஒரு தடவை சமையலறையிலே தனியா நின்னு மெதுவாச் சொல்லிக்கூடப் பார்த்தேன்.” மணியை விரலால் ஒருமுறை தடவினார். “ஆனா வெளியிலே கேட்டுச்சா? அதுதான் பண்பாடு.”

“படத்தை வெட்ட வேணாம்” என்று தாராள மனசோடு முடித்துவைத்தார் தலைவர். “அந்தப் பொண்ணு முகம் லட்சணமா இருக்கு, அது இருக்கட்டும். வாய் அசையட்டும். அந்தப் பதினாலு இடத்துலயும் ஒலியை மட்டும் எடுத்துடுங்க.”

டைரக்டர் “சரிங்க சார்” என்றார். தியேட்டர்களில் தேதி சொல்லியாகிவிட்டது. வெளியே தாழ்வாரத்துக்கு வந்ததும் கத்திரியின் முகத்தைப் பார்க்க முடியாமல் செருப்பைப் பார்த்துக்கொண்டு நடந்தார்.

கத்திரி உத்தரவு நகலை வாங்குவதற்காக எழுத்தரின் மேசைக்குப் போனாள். அவர் நான்கு தாளை அடுக்கித் தட்டி, நேராக்கிக் கொடுத்தார். ஒன்றாம் வெட்டு முதல் கடைசி வெட்டு வரை சுத்தமான தமிழில், பிழை இல்லாமல் இருந்தது. கடைசிப் பக்கத்தில்: ‘நாற்பத்தோராம் நிமிடம், நூலக வாசல். பெண் ஆணிடம்: வேண்டாம். ஒலி நீக்கம்.’ ‘நாற்பத்தெட்டாம் நிமிடம், பேருந்து நிறுத்தம். பெண் ஆணிடம்: வேண்டாம், என் பின்னால் வராதே. ஒலி நீக்கம்.’ இப்படிப் பதினாலும்.

“நீங்க ஒருத்தர்தான் அவ சொன்னதை எழுதி வச்சிருக்கீங்க” என்றாள் கத்திரி.

“இருபது வருஷமா எழுதறேன்மா. இந்த ஊரு கேக்காத வசனமெல்லாம் என் கையாலதான் போச்சு. யாரும் படிக்கிறதில்லை.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இத்தனைக்கும் ஒன்பதாம் பிரிவு இருக்கு. வெட்டுப் பட்டியலை முழுசா, படத்துக்கு முன்னாடி திரையில காட்டணும். அரங்கத்துல மெதுவாப் படிக்கிறவர் படிச்சு முடிக்கிற வரைக்கும் காட்டணும். வாரியம் வேலை செய்யறது ஜனங்களுக்குத் தெரியணும்னு தலைவரே ஆசைப்பட்டுச் சேர்த்த பிரிவு. கீழே அவர் கையெழுத்து வரும் பாருங்க, அதுக்காக. படக்காரங்க எல்லாரும் கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஓட்டிட்டுப் போயிடறாங்க. சட்டத்தை யாருமே மதிக்கிறதில்லைம்மா.”

கத்திரி அவரையே பார்த்தாள். அவர் ஒன்றும் தெரியாதவர் போல அடுத்த தாளைச் செருகிக்கொண்டிருந்தார்.

“நான் மதிக்கிறேன் சார்” என்றாள்.

சன்னல் இல்லாத அறைக்குப் போய் உட்கார்ந்தாள். சொன்னதைச் சொன்னபடி செய்தாள். ஒலியை நீக்கச் சொன்னார்களா, நீக்கினாள். அவள் குரலை மட்டுமா? தெருச் சத்தம், மின்விசிறிச் சத்தம், பின்னணி இசை எல்லாவற்றையும் அந்த இடத்தில் சுத்தமாக எடுத்தாள். சந்தடியாக ஓடுகிற படம் திடீரென்று செத்தாற்போல் அமைதியானால் காது தானாக நிமிர்ந்து உட்காரும், அது அவள் தொழில் ரகசியம். அப்புறம் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் பட்டியலைப் போட்டாள். பதினோரு நிமிடம் வந்தது. டைரக்டர் பார்த்துவிட்டு மென்று முழுங்கினார்.

“ஜனங்க எழுந்து போயிடுவாங்களே?”

“போனா போகட்டும். சட்டம்னா சட்டம்தானே? நீங்கதானே அங்கே சரின்னீங்க?”

டைரக்டர் இந்தத் தடவை செருப்பைப் பார்க்கவில்லை. “போடு” என்றார்.

முதல் காட்சி. முன் வரிசையில் தலைவர், அம்மையார், ஏற்கெனவே தூங்கத் தொடங்கிவிட்ட உறுப்பினர். கடைசி வரிசையில் கதவுக்குப் பக்கத்தில் அக்கா. அவளுக்கு இன்னும் சத்தம் போன விஷயம் தெரியாது. கத்திரி பக்கத்தில் உட்கார்ந்து, “அக்கா, ஒண்ணுகூடப் போகாதுன்னு சொன்னேன்ல” என்று தொடங்கினாள். அதற்குள் விளக்கு அணைந்துவிட்டது. அக்கா திரையைப் பார்த்தாள்.

பட்டியல் ஓடியது. முதலில் ஒரு விசில். அப்புறம் சலசலப்பு. நடுவரிசையில் ஓர் அம்மா தன் மகளை இடித்தாள்.

“ஏண்டி, கண்ணாடியை வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டேன். என்ன போட்டிருக்கான், படி.”

மகள் படித்தாள். நல்ல வெண்கலக் குரல். நாய் சாலையைக் கடத்தல், உறுப்பினரின் உள்ளுணர்வு என்றதும் அரங்கம் கொல்லென்று சிரித்தது. மனைவி தங்கையானது வந்தபோது சிரிப்பு அடங்க நேரம் பிடித்தது. ‘வேண்டாம்’ பட்டியல் தொடங்கியதும் சிரிப்பு நின்றுவிட்டது. “அம்பத்தேழாம் நிமிஷம், வீட்டுக் கதவு. பெண் ஆணிடம்: வேண்டாம், சாவியைக் கொடு. ஒலி நீக்கம்” என்று அவள் படிக்கப் படிக்க, ஐந்நூறு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில் தலைவரின் கையெழுத்து ஆளுயரத்துக்கு வந்தது. அவர் பெருமையாக இருபுறமும் பார்த்துக்கொண்டார்.

படம் ஓடியது. நாற்பத்தோராம் நிமிடம். நூலக வாசல். சத்தம் சட்டென்று அறுந்தது. பெண்ணின் வாய் மட்டும் அசைந்தது. கண்ணாடி மறந்த அம்மா தன்னை அறியாமல் சொன்னாள்:

“வேண்டாம்னு சொல்றா பாரு!”

பேருந்து நிறுத்தத்தில் அந்த அமைதி மறுபடி வந்தது. இந்தத் தடவை நான்கைந்து குரல்கள்: “வேண்டாம்!” மூன்றாவதுக்குப் பின்வரிசை மொத்தமும் சேர்ந்தது. ஐந்தாவதில் ஆண்பிள்ளைக் குரல்களும் கேட்டன. தலைவரின் கை தியேட்டர் நாற்காலியின் கைப்பிடியை மேலும் கீழும் தடவியது. மணி இல்லை. ஏழாவது ‘வேண்டாம்’ அவர் காதருகிலேயே கேட்டது. திரும்பினார். அம்மையார் வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தார். எட்டாவதுக்குக் கையை எடுத்துவிட்டார். சமையலறையில் மெதுவாகச் சொல்லிப் பார்த்தவர் குரல் மாதிரியே இல்லை அது. தூங்கிக்கொண்டிருந்த உறுப்பினர் திடுக்கிட்டு விழித்து, “என்ன, படம் நல்லாயிருக்கா?” என்று கேட்டார்.

பதிமூன்று முடிந்தது. கடைசி ஒன்றுதான் பாக்கி. கதவின் அந்தப் பக்கம் அவன், கையில் மூன்றாவது சாவி. இந்தப் பக்கம் அவள். ஒலி அறுந்தது. எல்லோரும் மூச்சை இழுத்தார்கள். அவர்கள் சொல்வதற்கு ஒரு நொடி முன்னால், கடைசி வரிசையில் கதவுக்குப் பக்கத்திலிருந்து ஒற்றைக் குரல் வந்தது. சத்தமாகக்கூட இல்லை. மூன்று வருடம் அதையே சொல்லிப் பழகிய குரல்.

“வேண்டாம்.”

ஐந்நூறு பேரும் இழுத்த மூச்சை அப்படியே விட்டார்கள். கத்திரி அக்காவின் கையைப் பிடித்தாள்.

தலைவர் சும்மா இருப்பாரா? மறுநாளே அவசரக் கூட்டம். அம்மையாரின் நாற்காலி காலியாக இருந்தது. ‘பார்வையாளர்கள் தாமாக வேண்டாம் என்று சொல்வது நீக்கப்படுகிறது’ என்று உத்தரவு போட்டார். எழுத்தர் நிமிடம், நொடி பிசகாமல் அடித்து, ஒன்பதாம் பிரிவின்படி அதையும் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று பணிவாகக் குறிப்பெழுதி அனுப்பினார். கத்திரி சட்டத்தை மதிக்கிறவள் ஆயிற்றே. சேர்த்தாள். அன்றிலிருந்து ஒவ்வொரு காட்சியிலும் கீழே அந்தக் கையெழுத்து வந்ததும், படம் தொடங்கும் முன்பே, அரங்கம் பதினைந்தாவது ‘வேண்டாம்’ ஒன்றையும் சொல்லும். அது அந்தப் பல் மருத்துவனைப் பார்த்து அல்ல.

மூன்றாவது வாரம், மூக்குக்கண்ணாடிக் கடைக்கு எதிர் நடைபாதையில் வழக்கம்போல் அவன் வந்து நின்றான். அக்கா கையிலிருந்த லென்ஸை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். தெருவுக்கு இந்தப் பக்கத்திலிருந்தே சொன்னாள். இத்தனை வருடம் சொன்ன அதே வார்த்தைதான். ஆனால் இந்தத் தடவை பேருந்துக்கு நின்றவர்கள் திரும்பினார்கள். மருந்துக் கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்தார். காய்கறிப் பையோடு போய்க்கொண்டிருந்த ஓர் அம்மா நின்று, அவனை மேலும் கீழும் பார்த்து, “அதான் வேண்டாம்னு சொல்றாள்ல?” என்று கேட்டாள். அந்த அம்மாவின் பையிலிருந்து, அன்றைக்கு மறக்காமல் எடுத்துவந்த மூக்குக்கண்ணாடிக் கூடு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவன் கிளம்பினான். திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் போனான், அதை மறைக்க மாட்டேன். ஆனால் பார்த்த பக்கமெல்லாம் யாராவது அவனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அக்கா உள்ளே வந்து காத்திருந்தவரிடம், “மன்னிச்சுக்குங்க. இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?” என்று கேட்டாள்.

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டுப் பூட்டுக்கு இருக்க வேண்டிய சாவிகள் மட்டும் இருக்கட்டும். உங்கள் வீட்டில் பெண் சரி என்றாலும் வேண்டாம் என்றாலும் முதல் தடவையிலேயே காதில் விழட்டும். உங்கள் பிள்ளைகளுக்கு அந்த வார்த்தையைச் சொல்லவும் வரட்டும், கேட்கவும் வரட்டும். வாசலும் நீங்களும் நிம்மதியாக இருங்கள்.